உதயகலாவின் இரட்டை வள்ளம்

அந்த வள்ளம் வேறு எவருடைய துறையிலாவது வந்து ஏறியிருந்தால் உதயகலா இவ்வளவு ஆத்திரப்பட்டிருக்க மாட்டாள். வலிகாமம் வடக்கில் அவர்களுடைய ஊர்க் கரை முழுக்க முருகைக்கல். நடுவில் வள்ளம் இழுத்து ஏற்றக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் மணல். அந்த மணல்தான் அவள் புருசன் இராசநாயகத்தின் துறை. அவனுடைய தகப்பன் வள்ளம் ஏற்றியதும் அங்கேதான். வாடைக்காற்று ஒரு கிழமையாக ஓங்கி அடித்து ஓய்ந்த காலையில், ஒரு வெளிநாட்டுப் பாய்க்கப்பல் சரியாக அந்த மணலில் வந்து குந்தியிருந்தது.

அந்த வள்ளத்துக்கு இரண்டு வெள்ளை உடல்கள், அவற்றைச் சேர்த்து நடுவே ஒரு தளம், தளத்தின் மேல் கண்ணாடி போட்ட அறை. பாய்மரம் பாதியில் முறிந்து கம்பிகளில் தொங்கியது. இடப்பக்க உடலில் ஆள் புகுந்து வரக்கூடிய ஓட்டை. உள்ளே ஒருவரும் இல்லை. அதில் வந்த வெள்ளைக்காரரை நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றும், வள்ளம் மூழ்கிப்போனதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்றும் பிறகுதான் தெரிந்தது. அது கரையேறிய செய்தியை அவருக்கு அறிவித்தார்களாம். தனக்கு இனி அது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

உதயகலாவின் கோபம் ஊரறிந்த விசயம். சுன்னாகம் சந்தையில் மீன் விற்கிறவள். யாராவது செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தால், அவர் பிறகு பல நாட்களுக்கு அந்த வரிசைப் பக்கமே வரமாட்டார். ஆனால் அந்தக் கோபம் சந்தையில் பிறந்ததல்ல. பன்னிரண்டு வயதில் செல்லடிக்குள் ஊரை விட்டு ஓடியவள் அவள். அகதி முகாமில் வளர்ந்தாள், முகாமிலேயே கலியாணம் கட்டினாள், பிள்ளையும் அங்கேயே பெற்றாள். இருபத்தேழு வருடம் இராணுவத்திடம் இருந்த ஊர் திரும்பக் கிடைத்தபோது வீடு நின்ற இடம் தெரியவில்லை. கிணறு இருந்தது, ஆனால் அதற்குள் உடைந்த சுவரும் கம்பியும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது? கேட்ட இடங்களில், காணியை விட்டதே பெரிய காரியம் என்பதுபோல் பார்த்தார்கள். போனபோது இருந்த மாதிரியே அவளுக்குத் திரும்பக் கிடைத்தது அந்தத் துறை மட்டும்தான். மணலை ஒருவரும் இடித்துப் போட முடியாதே. இப்போது அதன் மேல் இது.

இராசநாயகம் அமைதியான மனிதன். பக்கத்துத் துறைக்காரனிடம் இடம் கேட்டு, கல்லுக்குள்ளால் வள்ளத்தை இழுத்து ஏற்றினான். ஒவ்வொரு நாளும் அடிப்பக்கம் உராய்ந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உதயகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு அலுவலகங்களுக்கு நடக்கத் தொடங்கினாள்.

முதல் அலுவலகம் இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது, கடல் சம்பந்தப்பட்டது எதுவும் தங்களுடையதல்ல என்றது. மூன்றாவதில், கரையேறிவிட்டால் அது கடல் சம்பந்தப்பட்டதல்ல என்றார்கள். பொலிசில் ஒரு முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள். பிறகு கொரோனா வந்தது, எல்லாக் கதவும் பூட்டப்பட்டது. திரும்பத் திறந்தபோது பழைய ஆட்கள் மாறிப்போயிருந்தார்கள். உதயகலா ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் வள்ளத்தின் கீழே மணல் மூடி, அதன் நிழலில் ஊர் நாய்கள் குட்டி போட்டிருந்தன.

கடைசியாகப் போன அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான். கதிரை தந்து இருக்கச் சொன்னார். முழுவதையும் கேட்டார்.

“அம்மா, அது ஆற்றை சொத்து எண்டு தெரியாமல் நாங்கள் அதிலை கை வைக்கேலாது.”

“ஆற்றையும் இல்லையெண்டு நீங்கள்தானே ஐயா சொல்லுறியள்.”

“ஓம், ஆற்றையும் இல்லை. அதுதான் பிரச்சினை.”

“அப்ப நான் எடுக்கிறன்.”

அவர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். “எடுங்கோ அம்மா. எடுத்துக்கொண்டு போங்கோ. எங்களுக்கும் ஒரு தலையிடி முடிஞ்சுது.”

உதயகலா சிரிக்கவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பி வந்துவிட்டாள்.

அப்போதும் அவளுடைய எண்ணம் அதை உடைத்து அகற்றுவதுதான். பருத்தித்துறைப் பக்கத்தில் பைபர் வள்ளங்கள் திருத்துகிற தன் தம்பி பிரகலாதனை வரச் சொன்னாள். அவன் வெட்டுகிற இயந்திரத்தோடு வந்து, இரண்டு உடல்களையும் சுற்றிச் சுற்றி நடந்தான். விரலால் தட்டித் தட்டிக் கேட்டான். இயந்திரத்தை எடுக்கவேயில்லை.

“அக்கா, உதை உடைச்சுப் போட்டு எங்கை கொண்டுபோய்க் கொட்டப்போறாய்?”

கிணற்றுக்குள் கொட்டு, அது ஏற்கெனவே குப்பைக் கிணறுதானே என்று அவள் சொன்னாள். அவன் குனிந்து ஓட்டையின் விளிம்பைத் தடவினான். ஓட்டையைத் தவிர உடலில் பழுது அவ்வளவு இல்லை, இதை அரிந்து முடிக்கிற நேரத்தில் அடைத்து முடித்துவிடலாம் என்றான். இப்படிப்பட்ட சாமானில் கத்தி வைக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னான். உதயகலாவுக்குக் கோபம் ஏறியது. அவனை ஏசிக்கொண்டே, உள்ளே என்னதான் இருக்கிறதென்று பார்க்க முதன்முறையாக மேலே ஏறினாள்.

அறைக்குள் ஒரு குசினி. காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி, கோப்பைகள் விழாமல் இருக்கக் கம்பி வைத்த தட்டுகள். இரண்டு உடல்களுக்குள்ளும் இறங்கப் படிகள். வலப்பக்கம் ஒரு கட்டிலும் ஒரு கக்கூசும். இடப்பக்கமும் அப்படியே ஒரு கட்டில், ஒரு கக்கூஸ். அவள் அந்த இரண்டாவது கக்கூசின் வாசலில் நெடுநேரம் நின்றாள். முகாமில் அவள் பெரிய பிள்ளையான காலத்தில், ஒரு வரிசைக் குடும்பங்களுக்கே ஒன்றுதான். விடியமுன்னம் வாளியோடு போய் நிற்க வேண்டும். இங்கே ஒரு மனிதன் கடலில் உலாப்போக இரண்டு வைத்திருந்திருக்கிறான். பிறகு, வேண்டாம் என்று ஒரு சொல்லில் விட்டுவிட்டும் போயிருக்கிறான்.

அவள் இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“அடை,” என்றாள் தம்பியிடம். “ஓட்டையை அடை. பாயைப் போடு. இதை நான் ஓட்டிக் காட்டுறன்.”

இராசநாயகம் விசயத்தைக் கேட்டு, “உனக்கு விசர், கலா,” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வள்ளத்தின் கீழ் மூடியிருந்த மணலை வெட்டத் தொடங்கினான்.

ஓட்டையைச் சுற்றி உக்கியிருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்தபோது, அது முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதானது. உதயகலா அதைப் பார்த்து, தம்பி தன்னை ஏமாற்றிவிட்டான் என்று கத்தினாள். பிரகலாதன் காலை வெயில் ஏறமுன்னம் வந்து, பைபர் விரித்து றெசின் பசை பூசி, வெயில் ஏறப் போய்விடுவான். வெயிலில் றெசின் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். அவன் போனபிறகு தேய்க்கிற வேலை அவளுடையது. பைபர்த் தூசி கை, கழுத்து, கண்ணிமை எல்லாம் ஏறிக் கடித்தது. தேங்காய் எண்ணெய் பூசினாலும் கடி நிற்கவில்லை. சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது கையைச் சொறிந்து சொறிந்து, வாங்க வந்தவர்களையும் ஏசினாள். காணாமல் போயிருந்த இரண்டு சுக்கான்களுக்கும் பதிலாக வேப்பம் பலகையில் புதிதாக வெட்டி, மேலே பைபர் போட்டார்கள். முறிந்த பாய்மரத்தின் அடிப்பாதி நல்லதாக இருந்தது. அதையே நட்டார்கள். மரம் குட்டையானதால் பாயையும் குறைக்க வேண்டும்.

பாய் கிழிந்து நாராகக் கிடந்தது. குருநகரில் லொறிகளுக்குப் படங்கு தைக்கிற யோசப்பின் என்ற பெண்ணை உதயகலாவுக்குச் சந்தை மூலம் பழக்கம். யோசப்பின் துணியை நிலத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, இது தன் மெசினுக்கு ஏறாது, கையால்தான் தைக்க வேண்டும் என்றாள். பாதி மழைக்காலம் அந்தத் தையலில் போனது. உதயகலாவின் அவசரத்துக்கு அவள் மசியவில்லை. ஏசினால் ஊசியை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவாள். உதயகலா ஏச முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த வீட்டில் மட்டும்தான்.

ஊரில் ஆண்கள் பகிடி பண்ணினார்கள். உதயகலா கொழும்புக்கு மீனோடு கப்பலில் போகப்போகிறாள் என்றார்கள். அவள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்ததால், அவள் கடந்து போன பிறகுதான் சொன்னார்கள்.

அப்போதுதான் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது. மண்ணெண்ணெய்க்குக் கான்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் றோட்டில் படுத்தார்கள். கரையில் வள்ளங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. சந்தையில் உதயகலாவின் பலகை காய்ந்து, ஈ கூட வரவில்லை. பகிடி பண்ணினவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. ஒரு காலையில் அவள் அவர்கள் இருந்த இடத்துக்குப் போய், இரட்டை வள்ளத்தைத் தள்ள வருகிறீர்களா, இல்லை இப்படியே குந்தியிருக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். எல்லாரும் எழும்பி வந்தார்கள். பனங்குற்றிகளைப் போட்டு, உருட்டி, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அது கடலில் இறங்கி, இரண்டு கால்களில் நிற்கிற மாதிரி ஆடாமல் நின்றது.

பெண் ஏறலாமா என்று யாரோ இழுத்தார்கள். “நீ ஏறாதை, நான் ஏறுறன்,” என்று சொல்லிவிட்டு உதயகலா ஏறினாள். சோளகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. குட்டைப் பாய் விரிந்ததும், எஞ்சின் சத்தம் ஒன்றும் இல்லாமல் வள்ளம் வழுகிக்கொண்டு போனது. இராசநாயகம் சுக்கானைப் பிடித்தபடி, வாய் கொள்ளாத சிரிப்போடு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க எடுத்தாள். சத்திக்கும் சத்திக்கும் நடுவே காற்றை ஏசினாள், கடலை ஏசினாள், அந்த வெள்ளைக்காரரையும் விடவில்லை.

போவது சுகம், திரும்புவதுதான் பாடு. காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக வெட்டி வெட்டி வரவேண்டும். இராசநாயகம் அதைப் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் பழகினான். ஆனால் மீன் வந்தது. விளைமீன், பாரை, ஓரா. பல வீட்டு வலைகள் ஒரே வள்ளத்தில் போயின. கட்டில்கள் மேல் வலை குவிந்தது. இடப்பக்கக் கக்கூசுக்குள் மீனைப் போட்டு ஈரச் சாக்கால் மூடினார்கள். கரைக்கு வந்ததும் பங்கு பிரிப்பதில் சண்டை வரும். உதயகலா நடுவில் நின்று எல்லாரையும் ஒரேயளவு ஏசுவாள், சண்டை முடிந்துவிடும். அந்த மாதங்களில் ஊரில் எந்த வீட்டிலும் வெறும் சோறு சாப்பிடவில்லை.

கரைக்கு வந்த பிள்ளைகள் சிலர் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். எண்ணெய் இல்லாத நாட்டில் பாய் விரித்துப் போகிற வள்ளம் என்று அந்தப் படம் ஊரூராகச் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு விடுதிக்காரர் வந்தார். வெள்ளைக்காரர்களைக் கடலில் உலா கூட்டிப்போக அது தனக்கு வேண்டும் என்றார். உதயகலாவை உற்சாகப்படுத்த நினைத்தாரோ என்னவோ, உலகம் முழுக்க இதற்குக் ‘கற்றமறான்’ என்றுதான் பெயர், அது எங்களுடைய கட்டுமரம் என்ற சொல், தெரியுமா என்று கேட்டார்.

“இதிலை மரமும் இல்லை, கட்டும் இல்லை,” என்றாள் உதயகலா. “பேரைக் கொண்டு போனது போதாதெண்டு இப்ப இதையும் கொண்டுபோக வந்தனியளோ?”

அவர் போனார். அவர் யாரோடு கதைத்தார் என்று தெரியாது. கொஞ்ச நாளில் ஜீப் ஒன்று வந்தது. இறங்கியவர்களில், அவள் அலைந்த அலுவலகங்களின் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். முன்பு ஒருவர் மற்றவரைக் காட்டியவர்கள், இப்போது தோளோடு தோள் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்ற பெரியவர்தான் கதைத்தார்.

“கரை ஒதுங்கின கலம் அரசாங்கச் சொத்து, அம்மா. நீங்கள் அனுமதி இல்லாமல் பாவிக்கிறியள்.”

“ஓட்டையோடை கிடக்கேக்கை அது ஆற்றை சொத்து?”

“அப்பவும் அரசாங்கத்தின்ரைதான். சட்டம் எப்பவும் உள்ளதுதானே.”

“நான் உங்கடை படி தேய நடந்தனான். எடுங்கோ எடுங்கோ எண்டு கெஞ்சினனான். அப்ப ஆற்றையும் இல்லையெண்டியள். நாய் குட்டி போடேக்கை ஆற்றையும் இல்லை, நான் தேய்ச்சுக் கை புண்ணாகி அது மிதக்கத் தொடங்கினாப்போலை உங்கடையோ?” அவள் குரல் கரை முழுக்கக் கேட்டது. “எங்கடை வீட்டை இடிச்சுக் கிணத்துக்கை போட்டவையைத் தேடி வந்தனான், ஒருத்தரும் இல்லை. இதுக்கு மட்டும் இத்தினை பேர் வந்து நிக்கிறியள்.”

வள்ளத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி பெரியவர் சொன்னார். அவர்களிடம் இழுத்துப்போக எண்ணெய் இல்லை என்பது அப்போதுதான் உதயகலாவுக்கு விளங்கியது. அரசாங்கச் சொத்து என்றால் அரசாங்கமே பாய் விரித்து ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்கள் கண்ணாடியில் ஒரு அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். மீனவர் சங்கத்தில் பயந்தார்கள். ஒவ்வொரு வீடாக வலையை எடுத்துக்கொண்டது. கடைசியில் இராசநாயகத்தின் வலை மட்டும் மிஞ்சியது. அவனும் போகவில்லை.

எண்ணெய் திரும்ப வந்ததும், இழுக்கிற வள்ளத்தோடு அந்த அதிகாரிகளும் வந்தார்கள். உதயகலா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். யோசப்பின் தைத்த பாயைக் கழற்றினாள். இரண்டு சுக்கான்களையும் கழற்றுவித்தாள். வாங்கிப் போட்ட கயிறு, பலகை, ஆணி ஒன்றையும் விடவில்லை. வந்தபோது இருந்ததை மட்டும் கொண்டுபோங்கள் என்று கரையில் நின்றவர்களுக்குச் சொன்னாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“ஓட்டைக்குப் போட்ட ஒட்டையும் வெட்டி எடு.”

பிரகலாதன் அசையவில்லை.

“ஓட்டையோடைதானே வந்தது. ஓட்டையோடை போகட்டும். வெட்டடா.”

“நான் வெட்டமாட்டன், அக்கா.”

“அப்ப நீ ஆற்றை ஆள்?”

“ஆற்றை ஆளும் இல்லை. பைபர் போட்ட வள்ளத்தை நான் தாழ விடமாட்டன். நீ வெட்டுறதெண்டால் வெட்டு.”

அவளுக்கு வெட்டத் தெரியாது. ஊருக்கு முன்னால் தம்பியை என்னென்ன சொல்லலாமோ எல்லாம் சொன்னாள். அவன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். சுக்கான் இல்லாத வள்ளம், கயிற்றின் முனையில் குடிவெறியன் போல் இரண்டு பக்கமும் அலைந்து அலைந்து போனது. அன்று மாலையே இராசநாயகம் தன் வள்ளத்தைப் பழைய மணலில் இழுத்து ஏற்றினான். உதயகலா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியோடு பேச்சும் நின்றுபோனது.

அனுமதியில்லாமல் அரசாங்கச் சொத்தை வைத்திருந்ததாக அவள் மேல் வழக்கு வந்தது. நல்லூரில் இருந்து ஒரு இளம் சட்டத்தரணி, தனுசியா என்ற பெண், அவளுக்காக வந்தாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு தண்டத்தோடு சுலபமாக முடியும் என்று தனுசியா முதலில் சொல்லிப் பார்த்தாள். முடியட்டும் என்று நான் வரவில்லை, பிள்ளை, என்றாள் உதயகலா. தவணைக்குத் தவணை பஸ் ஏறிப் போனாள். சில நாட்களில் வழக்கைக் கூப்பிடவே மாட்டார்கள். மத்தியானம்வரை மரத்தின் கீழ் நின்றுவிட்டு, சந்தையும் கெட்டு, வந்து சேர்வாள்.

ஒரு தவணையில், அவளுக்குக் கதிரை தந்த அந்த அலுவலரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இப்போது அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப்போயிருந்தார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னீர்களா என்று தனுசியா கேட்டாள். உதயகலா கைகளை இறுக்கிப் பிடித்தாள். அவர் மறுக்கப் போகிறார், மறுத்தால் இந்த மண்டபம் கேட்கக் கத்துவது, உள்ளே போட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

“ஓம், சொன்னனான்,” என்றார் அவர். “பகிடியாச் சொன்னனான். ஆனால் அவ பகிடிக்கு வரேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்.”

அவள் சேர்த்து வைத்திருந்த கத்தல் மிஞ்சிவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், வெளியே வந்து தனுசியாவைத்தான் ஏசினாள், ஏன் இதை முதலிலேயே கேட்கவில்லை என்று.

குற்றச்சாட்டிலிருந்து அவளை விடுவித்தார்கள். வள்ளம் யாருடையது என்பது பெரிய நீதிமன்றத்தில் தீரும்வரை, பழுதாகாமல் பார்க்கும் பொறுப்பில் அவள் வைத்திருக்கலாம் என்றும், கடலில் ஓட்டக்கூடாது என்றும் நீதவான் சொன்னார்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பாயும் சுக்கான்களும் ஏற்றிக்கொண்டு உதயகலாவும் இராசநாயகமும் துறைமுகத்துக்குப் போனபோது, பிரகலாதன் முன்பே வந்து அணையில் நின்றான். இராசநாயகம்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஒன்றும் கதைக்காமல் அவனைக் கடந்து போய் வள்ளத்தைப் பார்த்தாள். கண்ணாடி உடைந்திருந்தது. கட்டில் மெத்தைகள் இல்லை, அடுப்பு இல்லை. வலப்பக்க உடலில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். மேலெல்லாம் காகப் பீ. இடப்பக்கம், ஒட்டுப் போட்ட பக்கம், உள்ளே காய்ந்து கிடந்தது.

“பழுதாகாமல் பாக்கட்டாம்,” என்றாள். “இவ்வளவு நாளும் ஆர் பாத்தது? இதுக்கு ஆரை உள்ளை போடுறது?”

அவள் வாளியோடு உள்ளே இறங்கித் தண்ணீரை அள்ளி வெளியே வீசினாள். ஒவ்வொரு வாளிக்கும் ஒவ்வொரு அலுவலகத்தின் பெயரைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாளி அவளுக்குப் பக்கத்தில் இறங்கியது. பிரகலாதன். அவள் இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கினாள். அவன் வைத்திருந்த வாளி சிறிது என்று ஏசினாள்.

வெயில் சாயும்போது வலப்பக்கமும் காய்ந்துவிட்டது. இராசநாயகம் சுக்கான்களை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தான்.

“கலா, கடலிலை ஓடக்கூடாதெண்டு நீதவான் சொன்னவர்.”

“வைச்சிருக்கச் சொன்னவரோ இல்லையோ?”

“ஓம்.”

“வைச்சிருக்கிறதெண்டால் வீட்டை கொண்டுபோக வேணும். என்னெண்டு கொண்டுபோறது? தோளிலை வைச்சோ?” அவள் பாய்க் கட்டைத் தூக்கித் தம்பியின் கையில் போட்டாள். “பிடி. அந்தப் பக்கத்தைக் கட்டு. இறுக்கிக் கட்டடா, போன முறை நீ கட்டினது அரைவழியிலை அவிண்டது.”